வினா தமிழில், விடை எம்மொழியில்?

நொய்யலாற்றைப் பற்றி ஆய்வேடுகள் பல எழுதப்பட்டுள்ளன. அவற்றுள், அவ்வாற்றங்கரையில் ஏர் பிடிக்கும் உழவர் ஒருவர் தாமே எடுத்துப் படித்துத் தம் கிணற்றுக்கு என்ன நேர்ந்தது என்று தெளியத்தக்கன எத்தனை? இத்திங்கள் நாம் எழுப்பும் வினா இதுவே.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் இவ்வாற்றுக்குக் காஞ்சி என்பது பழம்பெயர். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பெருகப் பெருக, சாயப்பட்டறைகளும் வெளுப்புப் பட்டறைகளும் பெருகின. பருத்தியிழையில் சாயம் ஏறுதற்கு உப்பு வேண்டும். சாயத்தைத் துணி உட்கொள்ளும். உப்பையோ அது கொள்ளாது. போட்ட உப்பு ஏறத்தாழ முழுவதும் நீரிலேயே தங்கி வெளியேறும். நிறத்தை நீக்கிவிட்டால் நீர் தூய்மையாகிவிட்டது எனக் கண் நம்பும். ஆயின் கரைந்த உப்பைப் பொதுவான தூய்மிப்பு முறைகள் தொடமாட்டா. கண்ணுக்குத் தெரியும் சாயத்தினும் கண்ணுக்குத் தெரியாத உப்பே நிலத்தைக் கொன்றது.

1992-இல் ஒரத்துப்பாளையத்தில் அணையொன்று எழுந்தது. ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களுக்கு நீர் தருதற்கென எழுந்த அவ்வணை, சில ஆண்டுகளுக்குள்ளேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. அணை நீரைத் திறந்துவிடுக என்று வேண்டுவதே உழவர் வழக்கம். திறந்துவிடாதீர் என்று உழவரே தடுத்து நின்ற கொடுமையை இக்கொங்கு நாடு கண்டது. நொய்யல் உழவர் அமைப்பு தொடுத்த வழக்கில் 2006-இல் சென்னை உயர்வழக்குமன்றம் ஆணையிட்டது. 2009 அக்குதோபரில் உச்ச வழக்குமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியை உறுதி செய்தது. ஆணைகள் ஏட்டளவில் நின்றமையால், 2011 சனவரி 28-ஆம் நாள் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு சென்னை உயர்வழக்குமன்றம் பணித்தது. அதன் பின்னரே, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை கட்டாயமாகி, நீரைச் சவ்வில் வடித்தும் எஞ்சியதைக் காய்ச்சி உப்பைப் பிரித்தும் பட்டறைகள் மீண்டும் இயங்கத் தொடங்கின.

இத்துணைக்கும் அடிப்படையாய் நின்றவை ஆய்வுகளே. நீரில் கரைபொருள் எவ்வளவு, மண்ணில் சோடியம் எவ்வளவு, விளைச்சலில் இழப்பு எவ்வளவு என்று அளந்து சொன்னவர் இலரேல், உழவர் கண்ணீரை எந்த மன்றமும் சான்றாக ஏற்றிராது. ஆகலின் ஆய்வாளர்மேல் நமக்குச் சினமில்லை, நன்றியே உண்டு. நம் முறையீடு வேறு.

சுற்றுச்சூழல் அறிவியலில் வெளிவரும் எழுத்துகள் ஒரே வகையின அல்ல. தாமே அளந்து கண்ட புதுமுடிவைச் சொல்வது ஆய்வுக் கட்டுரை. பிறர் கண்ட நூறு முடிவுகளைத் திரட்டி எடைபோடுவது மீள்நோக்குக் கட்டுரை. ஓர் ஊர், ஓர் ஆறு, ஓர் ஆலை என ஒன்றையே ஆழ்ந்து நோக்குவது நேர்வாய்வு. அளக்கும் முறையை மட்டும் விளக்குவது முறையுரை. அளந்த எண்களை மட்டும் பிறர் பயன்கொள்ளத் தருவது தரவுரை. ஒருவர் கட்டுரையை மற்றொருவர் மறுத்தெழுதுதலும், முன்னவர் அதற்கு விடையிறுத்தலும் அதே இதழில் அடுத்தடுத்து வருவதுண்டு. நம் பழைய உரையாசிரியர் மறுத்தும் நாட்டியும் எழுதிய முறையை அறிந்தார்க்கு இது புதிதன்று.

இனி, குறுவுரையும் மடலும் உண்டு. அளவிற் சிறியனவாயினும் இவையே சிலபோது உலகைப் புரட்டியுள்ளன. குளிரூட்டிகளில் பயன்பட்ட வளிமங்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, உரோலண்டு என்னும் இருவர் 1974-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது சில பக்கமே. தென்முனைக்கு மேலே அப்படலம் உண்மையாகவே தேய்ந்துள்ளது என்று 1985-இல் பிரித்தானிய ஆய்வாளர் மூவர் அதே இதழில் எழுதியதும் ஒரு மடலே. அடுத்த ஈராண்டில், 1987-இல், மாந்திரியல் உடன்படிக்கையில் நாடுகள் கையொப்பமிட்டன. கடல் மணலில் கலந்துள்ள நுண்நெகிழித் துகள்களைப் பற்றி 2004-இல் ‘சயின்சு’ இதழில் வந்தது ஒரே பக்கம். இன்று அப்பொருளை அறியாதார் இலர். செயற்கையிழை ஆடையொன்றை ஒருமுறை துவைத்தாலே 1900-க்கு மேற்பட்ட நுண்ணிழைகள் நீரில் உதிரலாம் என 2011-இல் வேறோர் ஆய்வு கண்டது. செயற்கையிழைப் பின்னலாடைகளும் உருவாகும் திருப்பூர் வட்டாரத்தார் அறிந்தே ஆகவேண்டிய செய்தி அது. பின்னும் கையும் தைக்கும் கையும் நம் மூலனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் கைகளல்லவா?

இவ்வகைப்பாட்டைப் படித்தபொழுது நமக்கு நினைவுக்கு வந்தது தொல்காப்பிய மரபியல். நூலை முதனூல், வழிநூல் என வகுத்து, வழிநூலைத் தொகை, விரி, தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பகுத்தார் தொல்காப்பியர். தாமே கண்ட முடிவை உரைக்கும் ஆய்வுக் கட்டுரை முதனூலின் பாற்படும். பிறர் முடிவுகளைத் திரட்டும் மீள்நோக்குக் கட்டுரை தொகையின் பாற்படும். 1988-இல் அமைக்கப்பெற்ற பன்னாட்டுத் தட்பவெப்ப மாற்றக் குழு தானாக எதனையும் அளப்பதில்லை; உலகெங்கும் வெளிவந்த கட்டுரைகளை ஆய்ந்து தொகுத்தே தன் பேரறிக்கைகளை வெளியிடுகின்றது. தொகைநூலின் ஆற்றலுக்கு அதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

ஆயின் நான்காவதாகிய மொழிபெயர்ப்பு எங்கே? தொல்காப்பியர் அதனையும் நூல்வகையுள் வைத்தார். புலமைத் தொழிலாகவே மதித்தார். இற்றைப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் தம் ஆய்வை ஆங்கிலத்தில் அச்சிட்டால் அவர் பணியேற்றத்திற்கு அது பயன்படும். அதனையே தமிழில் செம்மையாக எழுதி உழவர் கையிற் கொடுத்தால் அதற்கு என்ன மதிப்பெண்? பெரும்பாலும் இல்லை. எண்ணப்படாத பணியை எவர் செய்வார்?

நன்னூலார் சிறப்புப் பாயிரத்திற்கு எட்டுச் செய்திகளை வேண்டினார். அவற்றுள் எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பு. கேட்போர் என்பது அதனைப் பயிலத் தக்கோர். பயன் என்பது வெளிப்படை. ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் பாருங்கள். ஆக்கியோன் பெயர் உண்டு, நூற்பெயர் உண்டு, நுதலிய பொருள் சுருக்கமாக முகப்பிலேயே உண்டு, எவ்வழியில் நின்று எழுதினார் என்பதும் உண்டு. கேட்போர் யார் என்ற இடத்திற்கு வரும்பொழுதே அது வாய் மூடிக்கொள்கின்றது. ஒரத்துப்பாளையத்து நீரைப் பற்றிய கட்டுரையின் எல்லை ஒரத்துப்பாளையம் அன்று என்றால், அவ்வெல்லையை வகுத்தவர் யார்?

நம்மிடம் முன்னர்த் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர், முனைவர் ஆய்வுக்காக ஒரு வினாநிரலைத் தமிழாக்கித் தருமாறு கேட்டு வந்தார். ‘உங்கள் கிணற்று நீர் எந்த ஆண்டிலிருந்து சுவை மாறியது?’, ‘கால்நடைகள் அந்நீரைக் குடிக்கின்றனவா?’, ‘எந்தப் பயிரைக் கைவிட்டீர்கள்?’ என இவ்வாறு சென்றன வினாக்கள். ஓராண்டு கழித்து ஆய்வேட்டோடு மீண்டும் வந்தார். தடித்த அட்டை, தங்க எழுத்து, உள்ளே முழுதும் ஆங்கிலம். ‘விடை சொன்ன உழவர்களுக்கு இதனை எவ்வாறு தெரிவிப்பீர்?’ என்றோம். நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, ‘அதற்கு நெறிமுறையில் இடமில்லை ஐயா’ என்றார். அவர்மேல் குற்றமில்லை. வினா தமிழில், விடை தமிழில், முடிவு மட்டும் ஆங்கிலத்தில் என்பது அவர் வகுத்த முறையன்று. ஒரு குப்பி நீரும் ஒரு பிடி மண்ணும் தந்தவர்க்கு அதன் விடையைத் தெரிவித்தல் கடன் என்று நெறிமுறை வகுத்தோர்க்குத் தோன்றவில்லை, அவ்வளவே.

அயலார் இந்நீரைத் தேடி வந்த வரலாறும் உண்டு. 1995-ஆம் ஆண்டளவிலேயே சுவீடன் நாட்டு ஆய்வாளர் நம் நாட்டாரோடு இணைந்து, மேலாடைகளுக்குச் சூழல் கொடுக்கும் விலை என்னும் பொருளில் கருத்தரங்கக் கட்டுரை படைத்தனர். 2004-இல் அந்நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஒரத்துப்பாளைய அணையைச் சூழ்ந்த நிலத்தில் சாயத்தொழிலின் விளைவை ஆய்ந்து எழுதினார். சென்னைப் பொருளியற் பள்ளி 2007-இல் திருப்பூர் மாசுபாட்டைப் பற்றிய ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டது. கருத்தரங்கக் கட்டுரை, மாணவர் ஆய்வு, நிறுவன அறிக்கை என வகை மூன்றாயினும் மொழி ஒன்றே.

ஈண்டு ஒன்று கருதுக. சுவீடனின் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தில் எழுதப்பெறும் முனைவர் ஆய்வேடுகளில் சுவீடிய மொழிச் சுருக்கம் ஒன்று இணைக்கப்பெறும் வழக்கம் உண்டு. அந்நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடி. அவருள் பெரும்பாலார்க்கு ஆங்கிலமும் தெரியும். தெரிந்தும் தம் மொழியில் ஒரு சுருக்கமேனும் வேண்டும் என்கின்றனர். ஏழு கோடிக்கு மேற்பட்டோர் வாழும் தமிழ்நாட்டில் அத்தகைய சுருக்கத்தைக் கேட்பது மொழிவெறி என்று சொல்லப்படுகின்றது!

‘அறிவியல் உலகப் பொது, அதற்கு ஒரு பொதுமொழி வேண்டாவா?’ என்பர் சிலர். வேண்டும், அதனை நாம் மறுக்கவில்லை. அண்டார்க்டிகாவின் வானத்தைப் பற்றிய மடலை உலகம் முழுதும் படிக்க ஒரு பொதுமொழி பயன்பட்டது உண்மையே. ஆயின் பொதுமொழி ஒன்று இருத்தல் வேறு. அது மட்டுமே இருத்தல் வேறு. காட்டுயிர், செடிகொடி முதலியவற்றைக் காப்பது குறித்து 2014-இல் உலகெங்கும் வெளிவந்த எழுத்துகளைப் பதினாறு மொழிகளில் தேடி எண்ணிய ஆய்வாளர், அவற்றுள் 35.6 விழுக்காடு ஆங்கிலமல்லாத மொழிகளில் இருப்பதாக 2016-இல் வெளியிட்டனர். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! பிரேசில் நாட்டார் 1990-களின் இறுதியிலேயே தம் ஆய்விதழ்களை எவரும் விலையின்றிப் படிக்க ஒரு பொதுத்தொகுப்பு கண்டனர். அங்கே போர்த்துக்கீசியமும் இசுப்பானியமும் ஆங்கிலத்தோடு ஒரே அவையில் அமர்ந்துள்ளன. அவர் அறிவியல் அதனால் தாழ்ந்துபோய்விடவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். பன்னாட்டு வெளியீட்டகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசுசார் உயர்கல்வி நிறுவனங்கள் படிக்கும்பொருட்டு, 2025 முதல் மூன்றாண்டிற்கு 6,000 கோடி உருபா ஒதுக்க நடுவணரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மாணவர்க்கு அது நன்மையே. ஆயின் அது மக்கள் வரிப்பணம். தம் கிணற்றைப் பற்றிய கட்டுரை அவ்விதழ்களுள் ஒன்றில் இருந்தால், அத்திட்டத்தின்படி அதனைப் படிக்கும் உரிமை உழவருக்கு இல்லை. அவர் எக்கல்லூரியையும் சார்ந்தவரல்லர். பணம் கட்டிப் பெற்றாலும் மொழிச்சுவர் எதிரே நிற்கும்.

மொழிச்சுவர் கட்டுரையோடு நிற்பதில்லை. சட்டத்திலும் எழுந்து நிற்கின்றது. ஓர் ஆலையோ சுரங்கமோ அணையோ வருமுன் அதன் சூழல் விளைவை மதிப்பிட வேண்டும் என்பது 1994-இலும், திருத்திய வடிவில் 2006-இலும் நடுவணரசு பிறப்பித்த அறிவிக்கையின் கட்டளை. மதிப்பீட்டறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருத்தல் வேண்டும் என 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை கூறும். முழு அறிக்கைக்கு அக்கட்டாயமில்லை. பலநூறு பக்க ஆங்கில அறிக்கையைச் சில பக்கத் தமிழில் சுருக்கும்பொழுது எது விடுபடும், எது தங்கும் என்பதைச் சுருக்குபவரே முடிவு செய்கிறார். அச்சுருக்கத்தின் தமிழோ, படித்தாரை மீண்டும் ஆங்கிலத்தையே நாடச் செய்யும் தமிழ்!

2020-இல் அவ்வறிவிக்கையை மாற்றப் புதிய வரைவு வந்தது. மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றனர். வரைவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வைத்துக்கொண்டே அவ்வாறு சொன்னார்கள். அவ்வாண்டு சூன் 30-ஆம் நாள் தில்லி உயர்வழக்குமன்றம், எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அவ்வரைவைப் பத்து நாளில் மொழிபெயர்த்து வெளியிடுக என்று ஆணையிட்டது. நடுவணரசு என்ன செய்தது? மொழிபெயர்க்கவில்லை, ஆணையை எதிர்த்து உச்ச வழக்குமன்றத்திற்குச் சென்றது. சட்டப்படி இந்தியும் ஆங்கிலமுமே போதும் என வழக்காடியது. தம் நிலத்தின் மேல் எழப்போகும் ஆலையைப் பற்றித் தம் மொழியில் அறிய மக்களுக்கு உரிமையில்லை என்பதே அவ்வழக்காட்டின் பொருள். இதனை நம் இளைஞர் மறத்தலாகாது.

பிறரைக் குறை கூறிவிட்டு நம்மவர் குறையை மறைத்தல் முறையன்று. தமிழ்ப் புலவருள் பலர் அறிவியலைத் தமக்குப் புறம்பானது எனக் கருதி ஒதுங்கினர். கலைச்சொல் ஆக்கத்தையே முடிந்த முடிபாகக் கொண்டு, சொற்பட்டியல் அச்சிட்டதோடு அமைந்தோரும் உண்டு. சொல் மட்டும் இருந்து அதனைக் கொண்டு எழுதப்பெற்ற கட்டுரை இல்லையேல், அது கலப்பையின்றிக் கொழு வாங்கிய கதையே. இதற்கிடையிலும் உழைத்தோர் இலராகவில்லை. கோவையிலிருந்து கலைக்கதிர் பல்லாண்டு அறிவியலைத் தமிழில் வழங்கியது. நம் கொங்கு மண்ணின் தூரன், 1954 முதல் 1968 வரை தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் 1987 முதல் சிறார்க்கு அறிவியல் சொல்லி வருகின்றது. திருப்பூர்ச் சாயக்கொடுமையைத் தமிழ் மக்கள் தம் மொழியில் நெஞ்சுருகப் படித்ததோ ஒரு புதினத்தில். சுப்பிரபாரதிமணியனின் சாயத்திரை அது. புதினம் உள்ளத்தைத் தொடும்; நம் கிணற்றில் எவ்வளவு உப்பு உள்ளது என்பதை அது சொல்லாது, சொல்லவேண்டுவதும் இல்லை. அது கட்டுரையின் வேலை.

அண்டை நாடாகிய கேரளத்தைப் பாருங்கள். 1962-இல் தோன்றிய அவர்தம் அறிவியல் இலக்கிய அமைப்பு, மலையாளத்திலேயே மூன்று அறிவியல் இதழ்களை நடத்தியது. அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்க எழுந்த போராட்டத்தில், ஆய்வுமுடிவை மக்கள் மொழியில் ஊரூராகக் கொண்டுசென்றோர் அவர்களே. அக்காடு இன்றும் நிற்கின்றது.

தமிழில் இவற்றை எழுதச் சொல்லில்லை என்பாரும் உளர். உழவரிடம் சென்று கேட்கட்டும்! உப்பு மிகுந்த நிலத்தை உவர் என்றும், சோடியம் ஏறி இறுகி நீர் இறங்காத நிலத்தைக் களர் என்றும் வேளாண் துறையே பிரித்து வழங்குகின்றது; இரண்டும் நம் பழஞ்சொற்கள். முன்னதை மின்கடத்து திறனாலும், பின்னதை மாற்றுச் சோடிய விழுக்காட்டாலும் ஆய்வாளர் அளக்கின்றனர். உவர்நிலத்தை நல்ல நீர் கட்டி வடித்துத் திருத்தலாம். களர்நிலத்திற்குச் சிப்சம் இடவேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கருதினால் மருந்து மாறிப்போம். இப்பாகுபாட்டை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பக்கம் வேண்டும். நம் உழவர்க்கு இரண்டு சொல் போதும்.

நம் மூலனூரையே எடுத்துக்கொள்வோம். முருங்கைக்குப் பெயர்பெற்ற ஊர். கண்வலிக்கிழங்கும் இப்பக்கத்தில் விளைகின்றது. அதுவே புலவர் போற்றிய காந்தள், தமிழ்நாட்டு அரசின் மலராகிய செங்காந்தள். அதன் விதையிலிருந்து கிடைக்கும் மருந்துப்பொருளைப் பற்றியும் அதன் நச்சுத்தன்மையைப் பற்றியும் அயல்நாடுகளிலும் கட்டுரைகள் வந்துள்ளன. ஆனால் அவற்றைத் தேடுதற்கு இலத்தீன் பெயர் தெரிந்திருத்தல் வேண்டும். காந்தள் என்று தேடினால் சங்கப்பாட்டு கிடைக்கும். கண்வலிக்கிழங்கு என்று தேடினால் விலைநிலவரம் கிடைக்கும். அதனைத் தொட்டு நட்டுப் பறிப்பவர் தம் கைக்கும் கண்ணுக்கும் என்ன காப்புத் தேவை என அறியும் கட்டுரை அவர்க்கு அகப்படாது.

நாம் கேட்பன மிகையல்ல. தமிழ்நாட்டு அரசின் பணத்தால் நடைபெறும் சூழல் ஆய்வு எதுவாயினும், அதன் முடிவைப் பத்துப் பக்க அளவிலேனும் நல்ல தமிழில் எழுதி இணைத்தாலன்றிப் பட்டம் வழங்கலாகாது என நம் பல்கலைக்கழகங்கள் விதித்தல் வேண்டும். நீரும் மண்ணும் எடுக்கப்பெற்ற ஊரின் ஊராட்சி அலுவலகத்தில் அதன் படி ஒன்று வைக்கப்பெறுதல் வேண்டும். ஆய்வைத் தமிழாக்குவோர்க்கும் ஆய்வாளர்க்குரிய மதிப்பெண் தருதல் வேண்டும். சூழல் மதிப்பீட்டறிக்கை முழுமையும், சுருக்கம் மட்டுமன்று, தமிழில் வெளிவந்தபின்னரே மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கூட்டப்பெறுதல் வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் வேதியல் ஆசிரியர் ஒருவர் உள்ளார். தமிழாசிரியர் ஒருவர் உள்ளார். இருவரும் ஒரு மேசையில் அமர்ந்தால் ஒரு கட்டுரைக்குத் தமிழுரை பிறந்துவிடும். குடிநீரில் கரைபொருள் இலிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிடையாவிடத்து 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிறுவனத்தின் அளவு. ஆலைக்கழிவை வெளிவிடுதற்கு வகுத்த வரம்பு 2100. இம்மூன்று எண்களைத் தெரிந்துகொண்டாலே, நீராய்வுச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் உழவர் அலுவலரிடம் நிமிர்ந்து நின்று வினவலாம்.

அடுத்த இதழ் முதல் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்கப்படும். தம் கிணற்று நீர், நிலத்து மண் ஆகியவற்றின் ஆய்வுச் சீட்டு ஆங்கிலத்தில் மட்டும் வந்திருப்பின் அன்பர்கள் அதன் படியை நமக்கு விடுக்கலாம். உரியவர் பெயரும் ஊரும் மறைத்து, அதன் பொருளைத் தமிழில் வெளியிடுவோம். வேதியலும் மண்ணியலும் கற்ற ஆசிரியப் பெருமக்கள் இப்பணிக்குத் தம் பெயரைத் தருக. முதற்கண் வருவது, காங்கேயம் வட்டத்து உழவர் ஒருவரின் ஆழ்துளைக் கிணற்று நீராய்வுச் சீட்டு.